சாக்கடையில் வந்த பூ

ஐம்பதுகளில் நான் செங்கல்பட்டில் ஆசிரியராக இருந்தேன். என் வீட்டுச் சாக்கடைக் குழாய் பக்கத்துக் கடைக்கு அடியில் ஓடியது. அங்கே காதர் பாய் ஆயில் எஞ்சின் ரிப்பேர் செய்துவந்தார். ஒருநாள் குழாய் அடைத்துக்கொண்டு, அழுக்குத் தண்ணீர் எங்கள் முற்றத்துக்கே ஏறிவிட்டது. மூங்கில் கழியால் குத்தியும் அடைப்பு அசையவில்லை.

"எல்லாம் உன் கடை எண்ணெய்த் துணியாலதான்யா!" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

பாய் கடைக்குள் போனார். படாளத்து விவசாயிக்குக் கொடுக்கவேண்டிய பம்புசெட்டை எங்கள் கிணற்றடிக்கு இழுத்துவந்தார். குழாயின் வாயில் ஹோஸைச் செருகி, சுற்றிலும் சாக்கை அடைத்து எஞ்சினை ஓட்டினார். தண்ணீர் சீறிப் பாய்ந்ததில் தெருமுனையில் அடைப்பு பிதுங்கி விழுந்தது. அதில் எண்ணெய்த் துணி ஒன்றுகூட இல்லை. அத்தனையும் வாழைநாரோடு சிக்கி உருண்ட பூ.

என் பூஜைப் பூ. சாமிக்குச் சாத்தியது காலில் மிதிபடக்கூடாது என்று ஏரியில் கொண்டுபோய்ப் போடுவது வழக்கம். நான் சோம்பல்பட்டு, தினமும் சாக்கடை ஓட்டையில் தள்ளிக்கொண்டிருந்தேன்.

கூடியிருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். பாய் ஒரு கூடையை எடுத்துவந்து, கையாலேயே அதை அள்ளினார்.

"கொஞ்சம் நவுந்துக்கோங்க வாத்தியாரே. சாமி பூவு, கால்ல படப்போவுது. நானே ஏரியில போட்டுட்டு வந்துர்றேன்."

கூடையை வாங்கிக்கொண்டேன். தெருவே கேட்கத் திட்டியவன், மன்னிப்பை மட்டும் அவர் காதோடு சொன்னேன். இன்றும் உறுத்துவது அதுதான்.