மாலை ஏறாத படம்

பேய், குறி, கனவு எதையும் நம்புகிற ஆள் நான் இல்லை. இலுப்பூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மிஷின் நின்றால் பேப்பர் சிக்கியிருக்கும், இல்லையென்றால் கரண்ட் போயிருக்கும். அதற்கு மேல் யோசித்ததே கிடையாது. ஆனால் போன ஆவணியில் நடந்ததைச் சொன்னால் நீங்கள் சிரிக்கத்தான் போகிறீர்கள், சிரியுங்கள், நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

கல்யாணப் பத்திரிகையை இப்போது வெப்சைட்டாகச் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்களே, அதையும் செய்து கொடுக்கிறேன். யாரிடமும் போய்ப் படிக்கவில்லை, வீடியோ பார்த்துப் பழகியதுதான். உள்ளே பேரையும் படத்தையும் போட்டுவிட்டு, ஊருக்கு அனுப்புவதற்கு முன்னால் பிரிவியூ என்ற பட்டனைத் தட்டினால், பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியுமோ அப்படிக் காட்டும்.

அன்று காலை பத்து மணிக்கு ராசு அண்ணனும் அவர் தங்கச்சி வசந்தா அக்காவும் வந்தார்கள். அக்கா மகளுக்குக் கல்யாணம். அக்கா வீட்டுக்காரர் முருகேசன் வெளிநாட்டுக்கு டிரைவர் வேலைக்குப் போனவர். ஒரு வருஷம் போன் வந்தது, அதன்பிறகு ஏழு வருஷமாக ஒரு தகவலும் இல்லை. ஆள் இருக்கிறாரா இல்லையா என்று பத்திரிகையில் தெளிவாக இருக்கவேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்களாம். ராசு அண்ணன் முடிவே பண்ணிவிட்டார். பெயருக்கு முன்னால் 'அமரர்'. வருகிற வியாழக்கிழமை வீட்டோடு அக்காவின் தாலியைக் கழற்றுவது. கல்யாணத்தன்று அண்ணனும் அண்ணியும் தாரை வார்ப்பார்கள், அக்கா பின்னால் எங்கேயாவது நிற்கவேண்டியது. அக்கா தாலிக்கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தது.

'அமரர் முருகேசன் – வசந்தா' என்று அடித்தேன். பிரிவியூவைத் தட்டினால் 'முருகேசன் – வசந்தா' என்று மட்டும் வருகிறது. உள்ளே போய்ப் பார்த்தால் அமரர் அங்கேயே இருக்கிறது. அழித்துவிட்டுத் திரும்ப அடித்தேன். எழுத்தை மாற்றினேன், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன், என் போனில் பார்த்தேன், அண்ணன் போனில் பார்த்தேன். நம்பினால் நம்புங்கள், அதே பக்கத்தில் மணப்பெண்ணின் தாத்தா பெயருக்கு முன்னால் போட்ட அமரர் சுத்தமாக வருகிறது, இந்த ஒரு பெயருக்குத்தான் வரமாட்டேன் என்கிறது. எனக்கு வந்த எரிச்சலுக்கு மவுஸைத் தூக்கி ரோட்டில் எறிந்திருப்பேன்.

"ஏம்மா, நீ படிச்சு வந்தியா, இல்ல பாத்துப் பழகுனியா?" என்றார் ராசு அண்ணன்.

"பாத்துப் பழகுனதுதாண்ணே. ஒரு நிமிஷம் இருங்க, இந்தா வந்துரும்."

"ஒரு நிமிஷம் ஒரு நிமிஷம்னு ரெண்டு டீ ஆறிப்போச்சு. அங்கிட்டு வாழைக்குச் சொல்லணும், இங்கிட்டு ஒங்கூட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன்."

வீம்பு வந்துவிட்டது எனக்கு. எழுத்துதானே வரவில்லை, படத்திலேயே காட்டிவிடுகிறேன் என்று, அவர்கள் கொண்டுவந்த முருகேசன் படத்துக்கு ஒரு ரோஜா மாலையை ஒட்டி, ஒரே படமாகச் சேமித்து ஏற்றினேன். மாலை போட்ட படத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் விளங்காது? பிரிவியூவைத் தட்டி, போனை அக்கா கையில் கொடுத்தேன்.

அக்கா ரொம்ப நேரம் பார்த்தது. "அண்ணே, இவுகளுக்கு எப்பண்ணே கண்ணாடி?"

எட்டிப் பார்த்தோம். மாலை இல்லை. அதே சட்டை, அதே நிற்பு. ஆனால் காதோரம் நரைத்திருந்தது, கன்னம் கொஞ்சம் ஒட்டியிருந்தது, முகத்தில் கண்ணாடி. நான் ஏற்றிய படத்தில் இருந்தவருக்கு முடி கருகருவென்று இருந்தது, கண்ணாடியே கிடையாது.

ராசு அண்ணன் போனை வாங்கவில்லை. "கண்ட படத்தையும் போட்டியா நீ?" என்றார், குரலில் பழைய காரம் இல்லை.

"ஒங்க படந்தாண்ணே. இந்தா பாருங்க" என்று உள்ளே திறந்து காட்டினேன். கருத்த முடி, ரோஜா மாலை.

அக்கா எழுந்துவிட்டது. "வியாழக்கெழம ஒண்ணும் வேணாம்ணே. பேரு மட்டும் இருக்கட்டும்."

"மாப்பிள்ள வீட்டுக்கு நான் என்னத்தச் சொல்ல?"

"வெளிநாட்டுல இருக்காகன்னு சொல்லுங்க. பொய்யா அது?"

அண்ணன் என் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார். அமரரை அழித்தேன், மாலைப் படத்தையும் எடுத்துவிட்டேன்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்தாயா என்றுதானே கேட்கப் போகிறீர்கள்? அழிப்பதற்கு முன்னாலேயே எடுத்தேன். அதில் மாலையோடு கருத்த முடிக்காரர்தான் நிற்கிறார். இதை எங்கே போய்ச் சொல்ல?

மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்தார்கள், ஆனாலும் வந்து சாப்பிடவும் செய்தார்கள். திருக்கோகர்ணத்தில் கல்யாணம். அக்கா பூவும் பொட்டுமாக மகள் பக்கத்திலேயே நின்றது.

அன்று கடையில் அந்தப் படத்தில் நான் பார்த்த ஒன்றை மட்டும் இதுவரை அக்காவிடம் சொல்லவில்லை. அந்தக் கண்ணாடியின் வலது பக்கக் கம்பி உடைந்து, சிவப்பு நூலால் கட்டியிருந்தது. ஆண்பிள்ளை அவசரத்தில் சுற்றிய சுற்று இல்லை அது. வரிசை பிசகாமல், நெருக்கமாகச் சுற்றி, முடிச்சை உள்பக்கமாகத் தள்ளி விட்ட கட்டு. யாரோ மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.