நாலாவது டிரம்மை நகர்த்தியது யார்

ஹேமலதா தன் அப்பாவின் பாதத்துப் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தாள். நாற்பது வருஷம் தோல் பதனிடும் ஷாப்பின் ஈரத்தில் நின்ற கால், சர்க்கரை வேறு. நான் நர்ஸ், வாரத்துக்கு இரண்டு நாள் போய்ப் புண்ணைப் பார்ப்பேன். அன்று அவள் போன் அடித்தது. அவள் கையில் கையுறை இருந்ததால் நான்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

“இன்னாம்மா, வக்கீல் நோட்டீஸ் வந்துச்சா?” ஆம்பூருக்கு வெளியே புதிதாகத் தோல் தொழிற்சாலை கட்டுகிற தன்சீல் அகமது.

“வந்துச்சு பாய். நாலாவது டிரம் என் டிசைன் தப்புன்னு போட்டிருக்கீங்க.”

“ஷீட்ல உன் பேர்தானே இருக்குது? நான் இன்னா பண்றது? பதினோரு மணிக்கு சைட்டுக்கு வா. தப்புன்னு எழுதிக் குடுத்துட்டா பேஜார் இல்லாம முடிச்சுக்கலாம்.”

எழுதிக் கொடுத்தால் முடிவது அவள் தொழில்தான். கட்டடப் பொறியாளர் என்ற பதிவு ரத்தாகிவிடும். பிறகு அவள் கையெழுத்தை நம்பி யாரும் ஒரு சுவர்கூட எழுப்ப மாட்டார்கள்.

விஷயம் இதுதான். தோல் பதனிடும் பெரிய மர டிரம்கள் ஆறு. தண்ணீரும் தோலும் நிரம்பினால் ஒவ்வொன்றும் பல டன். அவற்றின் மேடை, தூண், குழாய், கழிவுநீர்க் கால்வாய் எல்லாவற்றையும் அவள் கம்ப்யூட்டருக்குள் முழுக் கட்டடமாக எழுப்பியிருந்தாள். காண்டிராக்டர், மிஷின்காரர் எல்லோரும் அந்த ஒரே ஃபைலில் வேலை செய்தால் சீக்கிரம் முடியும் என்று முதலாளி கேட்டார். இவளும் பூட்டுப் போடாமல் கொடுத்துவிட்டாள். யார் எதைத் தொடலாம் என்று ஒரு வரி எழுதி வாங்கவில்லை. அது அவள் தவறு. நான் சமாதானம் சொல்லவில்லை. அந்த ஃபைலில் யார் கை வைத்தாலும் தாளின் மூலையில் அவள் பெயரும் பதிவு எண்ணும் தானாக அச்சாகும். கடைசியில் நாலாவது டிரம்மின் மேடையை நாலடி தள்ளி, கால்வாயின் மேலேயே கட்டிவிட்டார்கள். சோதனைக்குத் தண்ணீர் நிரப்பிய அன்று தளம் வெடித்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

“எழுதிக் குடுத்துடுவியா?” என்றார் அப்பா ராமலிங்கம்.

“காலை ஆட்டாதப்பா. நான் நகத்தாததுக்கு நான் ஏன் எழுதணும்?”

நானும் கூடப் போனேன். சைட்டில் முதலாளியோடு காண்டிராக்டர் மதியழகன் சிரித்துக்கொண்டு நின்றார். “இன்னா மேடம், டிரம்மு சுத்திச் சுத்தி அதுவா நகந்துடுச்சா?” வேலையாட்களும் சிரித்தார்கள்.

ஃபைலைப் பார்த்துப் பயனில்லை. யாரோ அதைப் புதுப் பெயரில் சேமித்ததில், மாற்றியது யார் என்ற பதிவு போய்விட்டது.

“நீங்க எந்தப் படத்தை வெச்சுக் கட்டினீங்க? காட்டுங்கண்ணே.”

சைட் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்த தாளை அவர் காட்டினார். டிரம் தள்ளித்தான் இருந்தது. மூலையில் அவள் பெயர். ஹேமலதா டேப்பைப் பிரித்துத் தாளைத் திருப்பினாள். பின்பக்கம் நீல மையில் கேட் சீல், எண் 417.

தன்சீல் அகமதுவின் பழைய ஷாப்பில் இருந்து வந்த வழக்கம் அது. தோலோ ஆணியோ காகிதமோ, கேட்டுக்குள் எது வந்தாலும் சீல், எண், கொண்டுவந்தவர் கையெழுத்து. பழக்க தோஷத்தில் எல்லோரும் போடுவார்கள், யாரும் யோசிப்பதில்லை.

“சுகரா அக்காவ நோட்டோட வரச் சொல்லுங்க.”

கேட் கிளார்க் சுகரா பேகம் வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். “நானூத்திப் பதினேழு. டிராயிங் ஒரு செட்டு. கொண்டாந்தது மதியழகன். கையெழுத்து இருக்குது.”

“நான் கொண்டாந்தது?” என்றாள் ஹேமலதா.

“முன்னூத்தி அம்பத்திரெண்டு. ஒம்பது நாள் முந்தி. பீரோல இருக்குது.”

எடுத்து விரித்தார்கள். அதில் நாலாவது டிரம் சரியான இடத்தில் இருந்தது.

முதலாளி மதியழகன் பக்கம் திரும்பினார். “அந்தம்மா குடுத்த படம் பீரோல இருக்கச்சே, நீ ஏன்யா வேற பிரிண்ட் போட்டு எடுத்தாந்தே?”

மதியழகன் கழுத்தைத் தேய்த்தார். “பைப்பு ஜாஸ்தி வளைக்க வேணாம்னு நான்தான் கொஞ்சம் தள்ளி வெச்சேன் பாய். நாலடிதானே...”

“அதுவா நகந்துச்சுன்னு சொன்னீங்களேண்ணே!” என்றாள் ஹேமலதா. இந்த முறை சிரிப்பு ஆபீஸுக்கு வெளியேயும் கேட்டது.

நோட்டீஸைத் திரும்பப் பெறுவதாக முதலாளி அங்கேயே எழுதிக் கொடுத்தார். அதற்கும் சீல் போட்டுத்தான் சுகரா பேகம் வெளியே விட்டார். வீட்டுக்கு வந்தவள் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். நோட்டீஸ் வந்ததில் இருந்து அரை வயிறுதான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு இரண்டு பக்க ஒப்பந்தத்துடன் சைட்டில் இருந்தாள். அவரவர் பகுதிக்குத் தனி ஃபைல். மாற்றினால் மாற்றியவர் பெயரும் தேதியும் விழ வேண்டும். அவள் கையெழுத்திட்ட தாளைத் தவிர வேறு எதையும் வைத்துக் கட்டக் கூடாது. முதலாளி, மதியழகன், மிஷின்காரர் மூவரும் நின்றபடியே கையெழுத்துப் போட்டார்கள். அதன் பிறகுதான் அவள் லேப்டாப்பைத் திறந்து, நாலாவது டிரம்மைக் கால்வாயை விட்டு நாலடி தள்ளி வைத்தாள்.