நகக்கண்ணில் மண்

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வராந்தாவில்தான் அந்த அம்மாவைப் பார்த்தேன். ஒரு முழம் வரப்புத் தகராறுக்கு வாய்தா வாங்கி வாங்கி எனக்கு வெறுத்துப்போன இடம் அது. அவருக்கு ஐம்பது வயதிருக்கும். விளக்குமாற்றுக் குச்சியால் நகக்கண்ணைக் குடைந்துகொண்டே இருந்தார். அங்கே அழுக்கே இல்லை.

"என்ன கேஸும்மா?" என்று கேட்டேன்.

"மயானத்துல மண்ணள்ள வந்த ஜேசிபி எம்மவனைத் தோண்டிப் போட்டுட்டுது அண்ணாச்சி. ஆக்சிடென்டுல காலுக்கு வச்ச பிளேட்டைப் பாத்துத்தான் அவன்னு தெரிஞ்சுது."

"போலீஸ்ல சொன்னீகளா?"

"சொன்னேன். எலும்பு எங்கன்னாக. நாய் இழுத்துட்டுப் போயிருமேன்னு பொறுக்கி, பாலூத்தி, திரும்பப் பொதச்சுட்டேன்னேன். தலையில அடிச்சுக்கிட்டாக. பொணத்தை அவமதிச்சா ஜெயிலாம். சட்டம் இருக்காம். சாட்சிதான் இல்லையாம்."

குச்சி நின்றது.

"தோண்டிக் காட்ட மனுப் போடச் சொல்லுதாரு வக்கீல். அவனுக தோண்டுனதுக்குத்தான் கேஸு. அந்தக் கேஸுக்கு நானும் தோண்டணுமாம். விட்டுட்டா, மிச்ச மண்ணுக்கு மறுபடி வண்டி வரும். உங்க மவன்னா என்ன செய்வீக அண்ணாச்சி?"

உள்ளேயிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். தப்பித்தோம் என்று எழுந்து போனேன்.

வழக்கம்போல வாய்தா வாங்கித் திரும்பியபோது, குமாஸ்தா நீட்டிய மனுவில் அவர் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தார். விரலில் ஒட்டிய மையைத் துடைக்கவில்லை. குச்சியை எடுத்து மறுபடி நகக்கண்ணைக் குடைந்தார். நான் பக்கத்தில் நிற்பதே தெரியாமல் மெதுவாகச் சொன்னார்:

"இன்னும் ஒரே ஒருதடவை பொறுத்துக்கோ ராசா."