அக்மாரல் வேலை கேட்டுப் போன மாதம்

கரகண்டா நகரில் ஓர் ஆலையில் இருபத்திரண்டு வருடம் கிரேன் ஓட்டியவள் அக்மாரல். மார்ச்சில் ஆலையை இழுத்து மூடிவிட்டார்கள். அப்போது அவளுக்கு வயது நாற்பத்தேழு. ஒரு வாரம் வீட்டுச் சன்னல்களையெல்லாம் துடைத்தாள். எட்டாம் நாள், "துடைக்க இனி சன்னல் இல்ல" என்று கணவன் செரிக்கிடம் சொல்லிவிட்டு, வேலை தேட உட்கார்ந்தாள்.

முதல் நேர்காணல் தொலைபேசியில் வந்தது. கையெல்லாம் மாவு, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள்.

"உங்க குணத்தை மூணே வார்த்தையில சொல்லுங்க அக்கா" என்றது ஒரு பெண்குரல்.

"பயம் கிடையாது, அவசரம் கிடையாது, குடி கிடையாது."

அந்தப் பெண் சிரித்தாள். திரும்பக் கூப்பிடவில்லை. அன்றைக்கே அக்மாரல் தன் அனுபவம், சான்றிதழ், தேதிகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். இனி யார் எப்போது கூப்பிட்டாலும் திணறக் கூடாது.

அடுத்தது ஒரு சரக்குக் கிடங்கில். ஒன்பது பேரை ஒரே மேசையில் உட்கார வைத்து, காகிதத்தையும் ஒட்டுநாடாவையும் கொடுத்து, கால் மணி நேரத்தில் கோபுரம் கட்டச் சொன்னார்கள். உரத்த குரல்காரன் ஒருவன் எல்லாவற்றையும் தன் கைக்கு இழுத்துக்கொண்டான். அடி குறுகலாக இருப்பது அக்மாரலுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. முணுமுணுப்பாகச் சொன்னாள். யார் காதிலும் விழவில்லை. கோபுரம் சாய்ந்தது, அவளை எடுக்கவில்லை.

"காகிதத்துல வீடு கட்டத் தெரியலன்னு வேலை இல்லையாமா?" என்று செரிக் பொங்கினான்.

"வாயைத் தொறந்து சொல்லாதது என் தப்புய்யா. நீ டீயைக் குடி."

மூன்றாவது அழைப்பு கான்கிரீட் பலகை வார்க்கும் களத்திலிருந்து. எதிரே மூன்று பேர்: மேலாளர் ஒராஸ்பெக், ஆள் எடுக்கும் லியுட்மிலா, மீசை முளைத்துக்கொண்டிருந்த ஒரு இன்ஜினியர்.

"நீங்க பண்ணின பெரிய தப்பு ஒண்ணு சொல்லுங்க" என்றாள் லியுட்மிலா.

அக்மாரல் மழுப்பியிருக்கலாம்; மழுப்பவில்லை. "கீழ நின்னவன் கை காட்டினான்னு நம்பி, நான் எட்டிப் பாக்காம உத்திரத்தை இறக்கிட்டேன். ஒருத்தன் கால் விரல் போச்சு. அதுக்கப்புறம் என் கண்ணால பாக்காம ஒரு தடவையும் இறக்கினதில்ல."

லியுட்மிலா பேனாவைக் கீழே வைத்தாள். ஒராஸ்பெக் நாற்காலியில் சாய்ந்தார். "அம்பது வயசுல பன்னெண்டு மீட்டர் ஏணி ஏறுவீங்களாம்மா?"

"நாப்பத்தேழு. ஏணி வெளியதான இருக்கு? வாங்க, பாத்துடலாம்."

சொன்னதோடு எழுந்தும் விட்டாள். மூவரும் பின்னால் போக வேண்டியதாயிற்று.

சோதனை இதுதான்: விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய வாளியைக் கிரேனால் தூக்கி, களத்தின் மறுமுனையில் சுண்ணாம்பால் போட்ட வட்டத்துக்குள் வைக்க வேண்டும். அக்மாரல் மேலே ஏறி உட்கார்ந்தாள். ஸ்டெப்பிப் புல்வெளிக் காற்று கிரேன் கூண்டை உலுக்கியது. வாளி நின்ற இடத்திலேயே நின்றது.

"என்னக்கா, மேல தூக்கமா?" என்று இன்ஜினியர் கத்தினான்.

களம் முழுக்கக் கேட்கும்படி பதில் வந்தது. "காத்து அடங்கட்டும் தம்பி! உன் பின்னாடி ரெண்டு பேர் நிக்கிறாங்க பாரு, அவங்களை வெரட்டு!"

அவர்கள் ஓடினார்கள். நாலு நிமிடத்தில் காற்று தணிந்தது. வாளி எழுந்து, ஊர்ந்து, வட்டத்துக்குள் அமர்ந்தது. இன்ஜினியர் குனிந்து பார்த்தான். "ஒரு கை தண்ணி சிந்தியிருக்கு."

"தெரியும். நிறுத்துறப்ப ஒரு இழுப்பு இழுத்துட்டேன்" என்றாள் இறங்கி வந்தவள்.

"மூணு மாசம் பழகுநர் சம்பளத்துல பாப்போம்" என்றார் ஒராஸ்பெக்.

"பழகுநரை எடுக்கணும்னா பழகுநரைக் கூப்பிட்டிருக்கணும். மூணு மாசம் சோதிச்சுப் பாருங்க. சம்பளம் மட்டும் என் தரத்துக்கு."

அவர் லியுட்மிலாவைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"சரி, திங்கக்கிழமை வாங்க."

"வரேன். ஏணியில பதினோராவது படி ஆடுது. அதுக்குள்ள வெல்டிங் வெச்சிடுங்க."