கருநீலத்தில் தெரிந்த தோள்

பின்னணி நீக்கிய படத்துக்குப் பின்னால் நிறம் போடும்போதெல்லாம் எனக்கு இன்னமும் நெஞ்சு ஒருமுறை திக்கென்கிறது. ஒன்றுமில்லாத வேலை அது. பக்க வடிவமைப்பு மென்பொருளில் படம் ஒரு சட்டத்துக்குள் கிடக்கும்; அந்தச் சட்டத்துக்கு நிறம் கொடுத்தால், படத்தில் வெறுமையாக இருக்கிற இடத்திலெல்லாம் அது வந்து நிறையும். ஒரு சொடுக்கு, அவ்வளவுதான். இதற்குப் போய்ப் பயமா என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்கிறார். அவர் அந்த அம்மாவைப் பார்த்ததில்லை.

அருமனையில் நான் வேலை பார்க்கும் அச்சகத்துக்கு, மகனுடைய முதலாம் ஆண்டு நினைவு அட்டை அடிக்க அந்த அம்மா வந்திருந்தார். மகன் கல்ஃபில் வேலை பார்த்தவன். அறையில் படுத்திருந்தபோது மாரடைப்பு. ஊருக்கு வந்தது ஆணியடித்த பெட்டி. திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மகன் முகத்தைப் பார்க்காமலே கல்லறைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வந்தவருக்கு ஒரே கேள்விதான். என்னிடமும் உட்கார்ந்ததுமே கேட்டார்.

"சாவும்போ அவன் பக்கத்துல ஆராவது இருந்தாவளா மக்ளே? ஒருத்தரும் சொல்ல மாட்டேங்குதாவ."

அட்டையில் எந்த பைபிள் வசனம் போடட்டும் என்று பேச்சை மாற்றினேன்.

படம் அவருடைய போனில் இருந்தது. மகனோடு ஒரே அறையில் தங்கியிருந்த கூட்டுக்காரன் பின்னணியை எல்லாம் அழித்து அனுப்பியிருந்தான். வெள்ளைப் பக்கத்தில் வைத்தேன். சுத்தமாக இருந்தது. கட்டம் போட்ட சட்டை, பாதிச் சிரிப்பு.

"வெள்ளையா விடண்டாம். ஆசுபத்திரி மாதிரி கெடக்கு. கலர் போடு."

வருகிறவர்கள் மேகம் வேண்டும், புறா வேண்டும் என்று உயிரை வாங்குவார்கள். இவர் வெறும் நிறம் கேட்டதே நிம்மதியாக இருந்தது. கருநீலத்தைச் சொடுக்கினேன்.

அவன் பக்கத்தில் யாரோ நின்றுகொண்டிருந்தார்கள்.

முகம் இல்லை. புகைபோல வெளுத்த ஒரு தோள், அதிலிருந்து இறங்கி அவன் முதுகுக்குப் பின்னால் போகும் ஒரு கை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வெள்ளைச் சட்டை போட்ட யாரையோ விரலால் தேய்த்து அழித்திருக்கிறார்கள். அரைகுறையாக மிஞ்சிய வெளுப்பு வெள்ளைப் பக்கத்தில் தெரியவில்லை. காரணம் உடனே புரிந்துவிட்டது. புரிந்தும் பயம் போகவில்லை. அந்த அம்மா பார்ப்பதற்குள் அழித்துவிடலாம் என்று மவுசை நகர்த்தினேன்.

"தொடாத," என்றார். பார்த்துவிட்டிருந்தார்.

அங்கேயே உட்கார்ந்து கூட்டுக்காரனை அழைத்தார். ஸ்பீக்கரில் அவன் குரல் தயங்கித் தயங்கி வந்தது. "அது நாந்தாம்மா. செத்தவன் படத்துல உசிரோட இருக்கப்பட்டவன் நிக்கப்பிடாதுன்னு எங்க வீட்ல சொன்னாவ. அதான் என்னைய அழிச்சேன்."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்போ அன்னைக்கும் நீ அவன் பக்கத்துல நின்னியா மக்கா?"

நின்றேன் என்று பொய்யாவது சொல்லித் தொலையேன் என்று மனதுக்குள் அவனைத் திட்டினேன்.

"இல்லம்மா. நான் டூட்டிக்குப் போயிருந்தேன். வந்து பாக்கும்போ எல்லாம் முடிஞ்சு போச்சு. தனியாத்தான் கெடந்தான்."

ஒரு வருடமாகக் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. அவர் அழவில்லை. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, திரையில் அந்த வெளுத்த தோள்மேல் விரலை வைத்தார்.

"இத அழிக்கண்டாம்னு சொல்லட்டா மக்கா? அட்டையிலயாவது அவன் தனியா நிக்கண்டாம். உனக்குப் பயமா இருந்தா சொல்லு, எடுத்திரச் சொல்லுதேன்."

"பயம் இருக்கும்மா," என்றான் அவன். "ஆனா இருக்கட்டு. நான் நிக்கேன்."