பைக்காராவுக்குப் போன ஸ்ப்ரேயர் பேட்டரி

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்குத் தேவாலா பஜாரில் பன்னிரண்டு பேர் பஸ்ஸுக்கு நின்றோம். எட்டாம் வகுப்பு நடனக் குழுவில் எட்டுப் பெண்பிள்ளைகள், வசந்தா டீச்சர், துணைக்கு ஜமீலா, நான், என் மகள் சௌமியா. ஜமீலாவின் பெண் ரிஸ்வானா நடனத்தில் முதல் வரிசை. என் மகள் எந்த வரிசையிலும் இல்லை. அவள் சவுண்டு.

வர முடியாமல் போன நம் தெருப் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் வீடியோ போடச் சொல்லிக் கேட்டீர்கள். வீடியோ இல்லை. ஏன் இல்லை என்பதும் இதிலேயே வரும்.

போன வருஷம் பள்ளி ஆண்டு விழா உங்களுக்கு நினைவிருக்கும். பாட்டு பாதியில் நின்று, ஒன்பது பிள்ளைகளும் தூக்கிய கையோடு மேடையில் நின்றார்கள். கூட்டத்தில் சிரிப்பு. அந்த ஒன்பதில் சௌமியாவும் ஒருத்தி. இந்த வருஷம் பைக்காராவில் மூன்று பள்ளிகள் சேர்ந்து முகாம் என்றதும் அவள் டீச்சரிடம் போய், "நான் ஆடலீங்க டீச்சர். சவுண்ட நான் பாத்துக்கறேனுங்க" என்று சொல்லிவிட்டாள். எனக்கு வருத்தம்தான். பாவாடைக்குத் துணி எடுத்தாகிவிட்டது. என் மனைவி மல்லிகாவுக்கு இன்னும் வருத்தம். மகள் மனம் மாறவில்லை.

முகாம் இடத்தில் மின்சாரம் கிடையாது, ஜெனரேட்டரும் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பள்ளியில் இருப்பது சக்கரம் வைத்த பாட்டுப் பெட்டி. அதன் உள்ளே இருக்கும் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. ஆனால் பின்பக்கம் பன்னிரண்டு வோல்ட் கொடுக்க ஒரு துளை உண்டு. சௌமியா அதைப் பார்த்துவிட்டு நேராக என் ஸ்ப்ரேயரிடம் போனாள். தேயிலைக்கு மருந்தடிக்க நான் முதுகில் மாட்டுகிறேனே, அந்த மிஷினின் அடியில் இருப்பதும் பன்னிரண்டு வோல்ட் பேட்டரிதான். நான்கு திருகாணி கழற்றினால் கையில் வந்துவிடும், ஒரு செங்கல் அளவு, நல்ல கனம். புதிதில் ஒரு சார்ஜில் இருபது டேங்க் மருந்து அடித்தது. இரண்டு வருஷம் ஓடிய பின் இப்போது பத்து டேங்கோடு மூச்சு வாங்கும். அதுவும் வியாழக்கிழமை ராத்திரி கரண்டு போனதால் முழுதாகச் சார்ஜ் ஏறவில்லை. இருந்ததை எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

பஸ்ஸில் கண்டக்டர் என் மடியைப் பார்த்தார்.

"அது என்னங்க டப்பா?"

"பேட்டரிங்க. பாட்டுப் பெட்டிக்கு."

"ஆசிட் கீசிட் ஊத்துமா?"

"ஊத்தாதுங்க, சீல் வெச்சது" என்றாள் சௌமியா.

அவர் மூக்கைச் சுருக்கினார். "மருந்து வாசம் அடிக்குதே?"

"அது பேட்டரி இல்லீங்க, எங்கப்பா."

பஸ் முழுக்கச் சிரித்தது. கண்டக்டரும் சிரித்துக்கொண்டே பாட்டுப் பெட்டிக்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். சிரிப்புக்குத் தள்ளுபடி எதுவும் இல்லை.

கூடலூர் பதினைந்து கிலோமீட்டர். அங்கே இறங்கி டீ குடித்தோம், ஒரு டீ பன்னிரண்டு ரூபாய். பிறகு ஊட்டி பஸ். கூடலூரைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடும். வளைவுக்கு வளைவு தைல மரம், நடுவட்டம் போகும்போது கை விறைத்தது. நம் ஊரில் மழைதான் குளிர். மேலே போனால் வெயிலே குளிராக இருக்கிறது. நான் ஜன்னலைத் திறந்து திறந்து போட்டோ எடுத்தேன். பள்ளத்தாக்கு, பனி, குரங்கு, மறுபடி அதே பள்ளத்தாக்கு. கூடலூரிலிருந்து முப்பது கிலோமீட்டரில் பைக்காரா. பத்து மணிக்கு இறங்கியபோது என் போனில் சார்ஜ் பாதிக்கும் கீழே.

ஏரியைப் பார்த்த மாதிரி ஒரு சரிவில், தனியார் தோட்டத்துப் புல்வெளி. தோட்டத்துக்காரர் போஜன் அண்ணன் இந்த மலையின் படகர் இனத்தவர். கேரட், பீட்ரூட் போடுகிறவர். ஊட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பள்ளி, குன்னூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பள்ளி, பிறகு நாங்கள். கூடாரம் போட்டு முடித்ததும் போஜன் அண்ணன் எல்லோரையும் உட்கார வைத்தார்.

"பாட்டு, டான்ஸ் எல்லாம் நாளைக்குக் காலைல பத்து மணிக்கு. ஒரு மணி நேரம். அதுக்கு முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல. சாயங்காலம் காட்டெருமை தண்ணிக்கு எறங்கும். அதுக்கு நம்ம பாட்டு பிடிக்காது."

"அதுக்கு எந்தப் பாட்டுங்க பிடிக்கும்?" என்று ரிஸ்வானா கேட்டாள்.

"நீங்க தூங்கற பாட்டு."

மத்தியானம் நம் பிள்ளைகள் சத்தமில்லாமல் ஒத்திகை பார்க்க நின்றார்கள். பெட்டியைச் சின்னதாக வைக்கலாம்தானே என்று கேட்டார்கள். சௌமியா ஒரு சின்ன மீட்டரைப் பேட்டரியில் மாட்டிக் காட்டினாள். சிவப்பு எழுத்தில் பன்னிரண்டு புள்ளி ஐந்து என்று காட்டியது.

"இது பதினொன்றரைக்குக் கீழ போச்சுன்னா பெட்டி தானா அணஞ்சிரும். ஒத்திகைக்கு நானே வாயில பாடறேன்."

"உன் பாட்டுக்கு ஆடுனா எங்களுக்கு கால் சுளுக்கும்டி" என்றாள் ரிஸ்வானா. ஆனாலும் ஆடினார்கள். சௌமியா குரல் அப்படித்தான், சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

சாயங்காலம் நான்கு மணிக்குத்தான் உண்மையான சோதனை வந்தது. வெயில் இறங்க இறங்கக் குளிர், குளிர் ஏற ஏறப் போன்கள் படுத்துவிட்டன. பேட்டரியில் போன் சார்ஜ் போடும் கிளிப்பும் சௌமியாவிடம் இருக்கிறது என்று எப்படியோ எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. முதலில் ஊட்டிப் பள்ளியின் விளையாட்டு வாத்தியார் வந்தார். "அஞ்சே நிமிஷம் பாப்பா."

"பாட்டுக்கு வெச்சதுங்க சார். நாளைக்கு ஆட்டம் முடிஞ்சதும் போட்டுத் தரேனுங்க."

அடுத்து இரண்டு அம்மாக்கள். அதே பதில். அப்புறம் எங்கள் வசந்தா டீச்சரே வந்தார்.

"எனக்குக் கூடவா சௌமியா?"

"உங்களுக்கும்தானுங்க டீச்சர்."

டீச்சர் சிரித்துவிட்டு, "இத கிளாஸ்ல கேள்வி கேட்டா இப்படித் தைரியமாச் சொல்ல மாட்ட" என்று போய்விட்டார்.

கடைசியாக ஜமீலா வந்தார். வீட்டில் அவருடைய கைக்குழந்தைக்குக் காய்ச்சல், பார்த்துக்கொள்ள அவர் அம்மா. போன் இரண்டு சதவீதத்தில் நின்றது. ஜமீலா கேட்கவே இல்லை, போனைக் கையில் வைத்துத் தள்ளி நின்றார். சௌமியாதான் எழுந்து போனாள்.

"அக்கா, குடுங்க."

பேட்டரி பக்கத்திலேயே உட்கார்ந்து, மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஏற்றினாள். பதினைந்து சதவீதம் வந்ததும் கழற்றிக் கொடுத்தாள். ஜமீலா வீட்டுக்குக் கூப்பிட்டார்; குழந்தை கஞ்சி குடித்துவிட்டுத் தூங்குகிறது என்று தெரிந்ததும் அவர் முகம் தெளிந்தது.

வழி திறந்துவிட்டது என்று நினைத்து நான் என் போனை நீட்டினேன்.

"இல்லீங்கப்பா."

"அக்காவுக்குக் குடுத்தியே?"

"அக்கா பாப்பாவுக்குக் காய்ச்சலுங்கப்பா. உங்களுக்கு என்னங்க?"

"நாளைக்கு வீடியோ எடுக்கோணும் சாமி. அம்மா கேட்டுவுட்டுருக்கா. நம்ம தெருவே கேட்குது."

"வழியெல்லாம் குரங்க எடுக்கறப்ப அது நெனப்பு இல்லீங்களா?"

சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் விடவில்லை. "பேட்டரி என்னுது கண்ணு."

"பேட்டரி உங்களுதுதானுங்க. பொறுப்பு என்னுது."

அந்தக் குளிரிலும் எனக்குக் காது சூடாகிவிட்டது. அத்தனை பேர் முன்னால், பெற்ற மகள். ஏரிப் பக்கம் நடந்து போய் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று மனதில் பட்டது. வாத்தியாருக்கு இல்லை என்றாள், டீச்சருக்கு இல்லை என்றாள். எனக்கு மட்டும் ஆமாம் என்றிருந்தால் நாளைக்கு அவள் சொல்லுக்கு யார் மதிப்புக் கொடுப்பார்கள்? திரும்பி வந்து என் மப்ளரை எடுத்துக் கொடுத்தேன்.

"எனக்கு வேண்டாங்கப்பா, குளிரல."

"உனக்கில்ல. பேட்டரிக்கு."

குளிரில் பேட்டரிக்குப் பலம் குறையும், பிள்ளைகளே. மருந்தடிக்கிற எங்களுக்கு அது தெரியும், மார்கழியில் இரண்டு டேங்க் குறைந்துவிடும். அவள் மப்ளரைச் சுற்றித் தன் கம்பளிக்குள் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கூடாரத்தை விட்டு வெளியே வந்தால் புல்வெளி முழுக்க உப்புக் கொட்டியது போல உறைபனி. காலை வைத்தால் நொறுங்கும் சத்தம். என் போன் செத்துக் கிடந்தது. மீட்டரில் பன்னிரண்டு புள்ளி மூன்று. போஜன் அண்ணன் பெரிய பாத்திரத்தில் டீ கொண்டுவந்தார், பன்னிரண்டு பேரும் குடிப்பதற்கு முன் டம்ளரைக் கன்னத்தில் வைத்துக்கொண்டோம்.

பத்து மணிக்குப் பனி உருகி, வெயில் வந்துவிட்டது. முதலில் ஊட்டிப் பள்ளி ஆடியது, நன்றாக ஆடினார்கள். இரண்டாவது குன்னூர்ப் பள்ளி. அவர்களிடம் அழகான சின்ன ஸ்பீக்கர் இருந்தது. ஆட்டம் இரண்டு நிமிஷம் போயிருக்கும், ஸ்பீக்கரின் நீல விளக்கு மினுக்கியது, அணைந்தது. பவர் பேங்கை மாட்டினார்கள். அதுவும் ராத்திரிக் குளிரில் காலி. பத்துப் பிள்ளைகள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

எங்கள் எட்டுப் பேரும் சிரிக்கவில்லை. ஒருத்தி கூட.

சௌமியா எங்கள் பெட்டியை உருட்டிக்கொண்டு நடுவுக்குப் போனாள். நான் ஓடிப் போய், "அடுத்தது நம்முது கண்ணு. பத்துமா?" என்று கேட்டேன்.

"தெரியலீங்கப்பா."

"அப்புறம்?"

"பாதியில நிக்கக் கூடாதுங்கப்பா. யாருதும்."

பேட்டரியில் கூட்டல் பக்கம் எது என்று தவறிவிடக் கூடாது என்பதற்காக அம்மாவின் நகச்சாயத்தைத் தடவி வைத்திருந்தாள். சிவப்பு ஒயரை அதில் மாட்டினாள், கறுப்பை அடுத்ததில். அவர்கள் டீச்சரின் போனிலிருந்த பாட்டைப் பெட்டியோடு இணைத்தாள். பாட்டு முதலிலிருந்து தொடங்கியது, அந்தப் பத்துப் பேரும் முதலிலிருந்து ஆடினார்கள். முடிந்தபோது மீட்டர் பன்னிரண்டுக்குக் கீழே.

எங்கள் பாட்டு ஆறு நிமிஷம். நம் தோட்டத்துப் பெண்கள் கொழுந்து பறிக்கும்போது பாடியதை டீச்சர் பதிவு செய்து, மேளம் சேர்த்தது. அது பென் டிரைவில் இருந்தது, அதனால் போன் தேவையில்லை. சௌமியா பெட்டிக்குப் பின்னால் மண்டி போட்டு உட்கார்ந்தாள், நான் அவள் பக்கத்தில். மற்றவர்கள் நடனத்தைப் பார்த்தார்கள், நாங்கள் இரண்டு பேரும் மீட்டரைப் பார்த்தோம். மேளம் ஒவ்வொரு முறை விழும்போதும் எண் இறங்கி ஏறியது. பதினொன்று புள்ளி எட்டு, ஒன்பது, எட்டு, ஏழு. நான்காவது நிமிஷத்தில் மேளம் வேகமெடுக்கும். அதற்குச் சற்று முன் அவள் கனத்த ஓசையைக் குறைக்கும் குமிழைக் கொஞ்சம் திருப்பினாள். மேளம் மெலிந்தது, பெண்கள் குரல் மேலே வந்தது. முன்பை விட நன்றாக இருந்தது என்று பிறகு டீச்சர் சொன்னார். கடைசி அடியில் எண் பதினொன்று புள்ளி ஆறைத் தொட்டது.

பாட்டு முடிந்தது. தானாக, முடிய வேண்டிய இடத்தில்.

கைதட்டல் அடங்கியதும் அவள் பெட்டியை அணைத்துவிட்டு மீட்டரைப் பார்த்தாள். பாரம் நின்றதும் எண் மெல்ல ஏறியது. எழுந்து நின்று, "மிச்சம் இருக்குங்க. சார்ஜ் வேணுங்கறவங்க வரிசையா வாங்க" என்றாள். வாத்தியார், இரண்டு அம்மாக்கள், வசந்தா டீச்சர் என்று வரிசை சேர்ந்தது. அவர்களுக்குப் பின்னால் நானும் நின்றேன். என் முறை வந்ததும் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

"உங்களுக்கு எத்தனைங்க?"

"பத்துப் போதுமுங்க."

அப்போதுதான் நிமிர்ந்தாள்.

மத்தியானம் இரண்டு மணிக்குப் பைக்காரா பஸ் நிறுத்தத்தில் கூடலூர் பஸ்ஸுக்கு நின்றோம். அங்கே காற்று காய்ந்து, முகத்தை அறுத்தது. நம் ஊர் இந்நேரம் இலையிலிருந்து சொட்டிக்கொண்டு இருக்கும். நம் ஊரில் கரண்டு நின்றால் யாரையாவது திட்டிவிட்டுத் தூங்கிவிடுவோம், இருக்கிற கொஞ்சத்தை எதற்கு, யாருக்கு என்று உட்கார்ந்து யோசித்தது கிடையாது. அதை நினைத்துக்கொண்டே பத்து சதவீத போனில் மல்லிகாவைக் கூப்பிட்டேன்.

"ஏனுங்க, பாட்டு நின்னுச்சா?"

"நிக்கல."

"கை தட்டுனாங்களா?"

"ஆடுன புள்ளைங்களுக்கு எல்லாரும் தட்டுனாங்க" என்றேன். "நான் மட்டும் பெட்டிக்குப் பின்னாடி உக்காந்திருந்தவளப் பாத்துத் தட்டுனேன்."