மாமா பேசாத வீடுகள்

எம்.ஏ. ஆய்வேட்டில் எனக்கு ஒரே ஒரு பகுதிதான் பாக்கி: 'ஆய்வின் வரம்புகள்'. அறிமுகம் முதல் முடிவுரை வரை எப்படியோ எழுதப் பழகிவிட்டேன். இந்தப் பக்கத்தில் மட்டும் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. என் ஆய்வில் குறையே இல்லை என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு.

இன்று காலை கொள்ளேகாலத்திலிருந்து மைசூர் வந்த பஸ்ஸில், பக்கத்து சீட்டில் என் தாய்மாமா. ஹனூர்ப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கிறவர்களை நான் பேட்டி எடுத்தபோது, தன் மொபெட்டில் வீடு வீடாகக் கூட்டிப் போனவர் அவர்தான்.

"என்ன எழுதியிருக்கற, படி கண்ணு" என்றார்.

ஆய்வுமுறை அத்தியாயத்தைப் படித்தேன். "வீடுகள் எந்தச் சார்பும் இன்றித் தேர்ந்தெடுக்கப்பட்டன."

"அப்படின்னா?"

"யார் வீடுன்னு பார்க்காம, கண்ணை மூடிட்டு எடுத்த மாதிரி, மாமா."

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். "கண்ண மூடிக்கிட்டு மொபெட் ஓட்ட முடியுமா? நம்ம சொந்தக்காரங்க வீடாப் பாத்துத்தான கூட்டிட்டுப் போனேன். மேக்குத் தெருப் பக்கம் உன்னைய விடவே இல்லையே!"

"ஏன் மாமா?"

"கெணத்துத் தகராறுல இருந்து அவுங்களோட நமக்குப் பேச்சே இல்லீல்ல."

ஹாஸ்டலுக்குக்கூடப் போகாமல் நேரே பிரவுசிங் சென்டருக்கு வந்து நம் மின்னஞ்சல் குழுவுக்கு இதை அடிக்கிறேன். வரம்புகள் பகுதிக்கு முதல் வாக்கியம் கிடைத்துவிட்டது: "ஆய்வாளரின் மாமாவோடு பேசாதவர்கள் இந்த ஆய்வில் இடம்பெறவில்லை."

நாளை கைடிடம் காட்ட வேண்டும். இதையே படித்தவர்கள் பேசுகிற மாதிரி மாற்றிச் சொல்லக் குழுவில் யாருக்காவது தெரியுமா?